அமெரிக்கச் சிறுகதையைக் கூட்டத்தில் படிக்கும்போது பின்னணியை முதலில் சொல்வதா, படித்த பிறகு சொல்வதா?

கொழிஞ்சாம்பாறை

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் வாயனசாலையில் (வாசகசாலையில்) மாதம் ஒரு ஞாயிறு மாலை ஒரு அமெரிக்கச் சிறுகதையை ஆங்கிலத்திலேயே படிக்கிறோம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், மலையாள மீடியத்தில் படித்தவர்கள், டிகிரி படிக்கிற பிள்ளைகள், ஓய்வுபெற்ற மாஷ்கள் (பள்ளி ஆசிரியர்கள்), தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் ஜெராக்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். பேச்சு மட்டும் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும்.

இப்போது கூட்டத்தில் ஒரு கருத்து வேறுபாடு. கதைக்கு முன்னால் அரை மணி நேரம் ஆசிரியர் வாழ்க்கை, காலம், அமெரிக்க வரலாறு எல்லாம் விளக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதற்கு எதிர். முதலில் கதை, அப்புறம்தான் மற்றது.

ஷர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' படித்த அன்று நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும். நம் பக்கத்தில் லாட்டரி என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1967ல் கேரள அரசே லாட்டரியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003ல் தடை வந்த பிறகு கோபாலபுரம், வேலந்தாவளம் எல்லைக் கடைகளுக்கு அங்கிருந்து ஆட்கள் வந்து வாங்கிப்போவது தெரிந்த சங்கதி. எங்கள் குழுவில் லாட்டரிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தலைப்பைப் பார்த்ததும் அவருக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

கதை ஜூன் 27ஆம் தேதி, நல்ல வெயில் நாளில் தொடங்குகிறது. சுமார் 300 பேர் உள்ள ஊர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். கறுப்புப் பெட்டி வருகிறது, குடும்பத் தலைவர்கள் சீட்டு எடுக்கிறார்கள். பரிசு என்ன என்று யாரும் சொல்லவே இல்லை. பாதிக் கதையில் நம் அண்ணன் நிமிர்ந்து, "பரிசுத் தொகையைச் சொல்லாமல் எந்தக் குலுக்கலும் நடக்காதே" என்றார். அந்த இடத்திலிருந்து அறையில் இருந்த எல்லோருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. சீட்டு விழுந்த டெஸ்ஸி என்ற பெண்ணை ஊரே சேர்ந்து கல்லால் அடிக்கும் கடைசிப் பக்கம் வந்தபோது படித்தவருக்கே குரல் எழும்பவில்லை.

முன்கூட்டியே "இது பலி கொடுக்கும் சடங்கைப் பற்றிய கதை, 1948ல் வந்தது, பின்னணி இது" என்று விளக்கியிருந்தால் அந்த அண்ணனின் கேள்வி பிறந்திருக்குமா? அந்தக் கேள்விதான் கதையின் நடு நரம்பு. உங்கள் ஊர்க் குழுக்களில் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

தத்தமங்கலம் மாஷ்

விளக்கம் வேண்டும் என்று சொல்கிற கட்சியில் நானும் ஒருவன். லாட்டரி கதைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். காரணம், அந்த ஊர் எந்த நாட்டிலும் இருக்கலாம். எல்லாக் கதையும் அப்படி இல்லை.

யூடோரா வெல்டியின் 'எ வோர்ன் பாத்' 1941ல் வந்தது. ஃபீனிக்ஸ் ஜாக்சன் என்ற கறுப்பினக் கிழவி டிசம்பர் குளிரில் காட்டு வழியே நடந்து நாச்செஸ் நகரத்துக்குப் பேரனின் மருந்து வாங்கப் போகிறாள். மருத்துவமனையில் உட்கார்ந்ததும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. நினைவு வந்ததும், நான் பள்ளிக்கூடமே போனதில்லை, சரண்டர் நடந்தபோதே எனக்கு வயது கடந்துவிட்டது என்கிறாள். சரண்டர் என்றால் 1865ல் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படை சரணடைந்தது. அதாவது அவள் அடிமையாகப் பிறந்தவள். விடுதலை கிடைத்தபோது பள்ளியில் சேரும் வயது தாண்டியிருந்தது. இந்த ஒரு வரியில் அவள் ஆயுள் முழுவதும் இருக்கிறது. அது தெரியாதவருக்கு ஞாபக மறதி உள்ள ஒரு பாட்டி மட்டும்தான் தெரிவாள். அது அந்தப் பாட்டிக்குச் செய்கிற அநியாயம் என்பது என் கருத்து.

வேலந்தாவளம்

லாட்டரி கதையில் எனக்குப் பட்டது ஒன்று. வடக்கே ஓர் ஊரில் லாட்டரியை நிறுத்தப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆடம்ஸ் என்பவர் சொல்கிறார். வார்னர் கிழவர் உடனே அவர்களைப் பைத்தியக்காரக் கூட்டம் என்கிறார். கடைசியில் கல்லோடு வருகிற கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர் யார் என்று பாருங்கள். அதே ஆடம்ஸ். இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படித்தேன்.

கொழிஞ்சாம்பாறை

வேலந்தாவளம் அண்ணா, இதைக் கூட்டத்தில் யாருமே கவனிக்கவில்லை. அதேபோல டெஸ்ஸியும் நிரபராதி இல்லை என்று எங்கள் டீச்சர் ஒருவர் சொன்னார். சீட்டு தன் குடும்பத்தில் விழுந்ததும், கல்யாணம் ஆகிப்போன மகளையும் மருமகனையும் சேர்த்துக் குலுக்கச் சொல்கிறாள். தன் தலை தப்ப மகளை உள்ளே இழுக்கிறாள். அதுவரை சிரித்துக்கொண்டு புருஷனை முன்னே போகச் சொன்னவள்தான் அவள். நியாயமில்லை என்று அவள் கத்துவது தன் பெயர் வந்த பிறகுதான்.

இந்தக் கதை நியூயார்க்கர் பத்திரிகையில் வந்த கோடையில் 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் ஷர்லி ஜாக்சனுக்கு வந்தன, பெரும்பாலும் கோபமும் குழப்பமும். இதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் நாங்கள் சொன்னோம். அப்போது அது சுவையாக இருந்தது.

தேவிகுளம்

நான் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குழு சின்னது, பெண்கள்தான் அதிகம். கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படித்து, அதைத் தமிழில் சொல்லி, அடுத்த பத்திக்குப் போவோம். மாஷ் சொன்ன அதே கதையைத்தான் இரண்டு ஞாயிறாகப் பிரித்துப் படித்தோம்.

1865 பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் கிழவி முள்ளில் பாவாடை சிக்கி நிற்பதும், ஓடைமேல் கிடக்கும் மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதும், முள்வேலிக்குக் கீழே குழந்தை மாதிரித் தவழ்ந்து போவதும் படித்தபோது எங்கள் பெண்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) டிஸ்பென்சரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. வேட்டைக்காரன் துப்பாக்கியை நீட்டி, பயமில்லையா என்று கேட்கிறான். இதைவிடக் கிட்டத்தில் வெடித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன் என்கிறாள். அந்த வரிக்கு எங்கள் அறையில் ஒரு பெரியம்மா, "கங்காணிகிட்ட நின்னவதான் இப்படிப் பேசுவா" என்றார். அவள் அடிமையாகப் பிறந்தவள் என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கதை சொல்லிவிட்டது மாஷ்.

அப்புறம் அந்த நிக்கல். வேட்டைக்காரன் பையிலிருந்து விழுந்த ஐந்து சென்ட் காசை, அவன் நாயை விரட்டப்போன நேரத்தில் குனிந்து எடுத்துக்கொள்கிறாள். மேலே ஒரு பறவை பறக்கிறது. கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார், நான் திருடுகிற நிலைக்கு வந்துவிட்டேன் என்கிறாள். இது திருட்டா இல்லையா என்று எங்கள் கூட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. தர்மத்துக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் இன்னொரு நிக்கல் கிடைக்கிறது. சேர்த்துப் பத்து சென்ட். அதில் பேரனுக்குக் காகிதக் காற்றாடி வாங்கப்போகிறேன் என்று கிளம்புகிறாள். "அப்படீன்னா திருட்டு இல்லை" என்று பாதிப் பேர். "திருட்டுதான், ஆனா கேட்கிற உரிமை நமக்கு இல்லை" என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி.

தத்தமங்கலம் மாஷ்

அந்தப் பெரியம்மாவின் வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவருக்குக் கங்காணி தெரியும், அதனால் கதை திறந்தது. அந்த அனுபவம் இல்லாத, டவுனில் வளர்ந்த பிள்ளைக்கு எது திறவுகோல்? அதற்குத்தான் வரலாறு.

மீனாட்சிபுரம்

மாஷ், நான் அந்த டவுன் பிள்ளைதான், பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம். எங்களுக்கு வகுப்பில் வரலாறு மட்டும்தான் கிடைக்கிறது. ஆசிரியர் பிறந்த ஆண்டு, இயக்கம், கருப்பொருள் என்று நோட்ஸ் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரு கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாரோ படிக்கக் கேட்டது வாயனசாலையில்தான்.

எனக்கு இடைஞ்சலாக இருந்தது வரலாறு இல்லை, பொருள்கள். அந்தப் பேரன் எதை விழுங்கித் தொண்டை வெந்துபோனான்? 'லை' என்று இருக்கிறது. அது என்னவென்றே புரியவில்லை. அதே 'லை' ஃபாக்னரின் 'பார்ன் பர்னிங்' கதையிலும் வருகிறது. விலை உயர்ந்த கம்பளத்தை அதை ஊற்றித் தேய்த்துக் கெடுக்கிறார்கள்.

ஹெமிங்வே எளிது, ஃபாக்னர் கடினம் என்பார்கள். எனக்கு நேர்மாறாக இருந்தது. 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்' கதையில் ஒரு சொல்கூட அகராதியில் தேட வேண்டியதில்லை. ஸ்பெயினில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவனும் ஒரு பெண்ணும் பீர் குடித்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். அவன் அவளைக் கருக்கலைப்புக்குச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறான் என்பது மூன்றாவது முறை படித்தபோதுதான் பிடிபட்டது. அந்தச் சொல்லே கதையில் கிடையாது. ஃபாக்னரின் நீண்ட வாக்கியங்களோ, உரக்கப் படித்தால் மூச்சு எங்கே விட வேண்டும் என்று தானே தெரிகிறது.

வேலந்தாவளம்

'லை' என்பது சாம்பல் காரம் தங்கச்சி. விறகுச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து எடுப்பது. கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. அந்தக் காலத்து அமெரிக்கக் கிராம வீடுகளில் அவர்களே காய்ச்சிக்கொள்வார்கள். இப்போது நாம் கடையில் வாங்கும் காஸ்டிக் சோடாவும் அதே குணம்தான், தோலில் பட்டால் வெந்துவிடும். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்கும். இரண்டு கதையிலும் ஏழை வீட்டில் இருக்கும் பொருள் அது.

கொழிஞ்சாம்பாறை

மீனாட்சிபுரம் சொன்னது எனக்கு மிகவும் உதவுகிறது. பொருள் வேறு, வரலாறு வேறு. பொருளை முதலில் சொல்லலாம், அதனால் கதை எதையும் இழக்காது.

'பார்ன் பர்னிங்' பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எங்கள் கூட்டம் இதுவரை இவ்வளவு சூடாகப் பேசிய கதை வேறு இல்லை.

ஆப்னர் ஸ்னோப்ஸ் சொந்த நிலம் இல்லாதவர். பெரிய நிலக்காரர்களிடம் ஒப்பந்தத்துக்கு உழுது விளைவில் பங்கு கொடுத்து வாழ்பவர். யாரோடாவது தகராறு வந்தால் அவர்கள் களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பத்து வயது மகன் சார்ட்டிக்கு இது தெரியும். கதை ஒரு மளிகைக் கடையில் நடக்கும் விசாரணையில் தொடங்குகிறது. பாலாடைக்கட்டி வாசனை வருகிறது, பையனுக்குப் பசி. அப்பாவுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நடுங்குகிறான். சொல்ல வேண்டிய நிலை வரவில்லை. ஆனாலும் இரவில் அப்பா அவனை அடிக்கிறார். நீ உண்மையைச் சொல்லியிருப்பாய் என்பதுதான் குற்றம்.

புது இடத்தில் நிலக்காரர் மேஜர் டி ஸ்பெயின். எட்டு மாதத்துக்கு என் உடலையும் உயிரையும் சொந்தமாக்கிக்கொள்ளப் போகிறவனைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்னோப்ஸ் அந்தப் பெரிய வீட்டுக்குப் போகிறார். வேண்டுமென்றே குதிரைச் சாணத்தை மிதித்து, வெளிர் நிறக் கம்பளத்தில் தேய்க்கிறார். கழுவித் தா என்றால் காரம் ஊற்றிக் கல்லால் தேய்த்து நாசமாக்குகிறார். அபராதம் 20 புஷல் மக்காச்சோளம். விசாரணையில் அது 10 ஆகக் குறைகிறது. உதிர்த்த மக்காச்சோளமாக இருந்தால் ஒரு புஷல் சுமார் 25 கிலோ. அப்படியானால் முதலில் கேட்டது அரை டன். எங்கள் தோப்புக்காரர் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுச் சொன்னதும் அறையில் நிலைமை மாறியது. அதுவரை எல்லோரும் பையன் பக்கம். "இன்னும் விதைக்கவே இல்லை, அதுக்குள்ள அறுவடையில கை வச்சாச்சு" என்றார் அவர்.

அவருடைய அப்பா பாட்டக்காரர், அதாவது குத்தகைக்கு உழுதவர். கேரளத்தில் 1970 ஜனவரி 1 அன்று பாட்டமுறை ஒழிந்து உழுதவருக்கு உரிமை வந்தது. அதற்கு முன்னால் நெல் அளந்து கொடுத்த நாட்கள் அவருக்கு நினைவிருக்கிறது. "ஸ்னோப்ஸ் தீ வைத்தது தப்பு. ஆனா அவன் கோபம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும்" என்றார். அப்போது எங்கள் கூட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, அந்தக் கோபத்துக்குக் கம்பளத்தைத் தேய்த்தது அவர் மகள்கள்தானே, சுமைகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தது அவர் மனைவிதானே என்று கேட்டாள். யாராலும் மறுக்க முடியவில்லை.

இந்த இடத்துக்கு ஒரு கூட்டம் தானாக வர வேண்டும். ஃபாக்னருக்கு 1949க்கான நோபல் பரிசு, மிசிசிப்பி மாநிலம், பங்கு விவசாயம் என்று தொடங்கியிருந்தால் எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தோப்புக்காரர் வாய் திறந்திருக்க மாட்டார்.

வேலந்தாவளம்

கடைசியில் பையன் ஓடிப்போய் டி ஸ்பெயினை எச்சரிக்கிறான், துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். அவன் செய்தது சரியா? அப்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்ற எண்ணத்தை என்னால் விட முடியவில்லை.

தேவிகுளம்

சரிதான் அண்ணா. அவன் காட்டிக்கொடுத்தது அப்பாவை இல்லை, தீயை. அப்பாவைத் தடுக்க வேறு வழி அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அம்மாவும் சித்தியும் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

வேலந்தாவளம்

அதுவும் சரி. ஆனாலும் அவன் காப்பாற்றியது யாருடைய களஞ்சியத்தை என்று பாருங்கள் அக்கா.

குப்பம்

நான் ஆந்திரப் பக்கம். ஓ. ஹென்றியை இப்போதெல்லாம் பள்ளிப் பாடம் என்று ஒதுக்குகிறார்கள். புதிதாக ஆங்கிலக் கதை படிக்க வருபவர்களுக்கு அவரைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். 1905ல் வந்த 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' கடைசித் திருப்பத்துக்காக மட்டும் படிக்கிற கதை இல்லை. ஜிம்மின் வாரச் சம்பளம் 30 டாலரிலிருந்து 20 ஆகக் குறைந்திருக்கிறது. வாடகை வாரத்துக்கு 8. டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். முடியை 20 டாலருக்கு விற்று, 21 டாலருக்குக் கடிகாரச் சங்கிலி வாங்கி, 87 சென்டோடு வீடு திரும்புகிறாள். சம்பளம் குறைக்கப்பட்ட வீட்டில் ஒரு பண்டிகை எப்படி நடக்கிறது என்பதன் கணக்கு அது. வங்கிப் பணக் கையாடல் வழக்கில் ஒஹையோ சிறையில் இருந்து வெளியே வந்தவர் எழுதியது. காசின் எடை அவருக்குத் தெரியும்.

நகரி

எங்கள் வீட்டில் விசைத்தறி. ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' கதையை எல்லாக் குழுக்களும் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழந்துணிகளை ஒட்டித் தைத்த மெத்தை விரிப்பு இரண்டு. பாட்டியின் கவுன் துண்டுகளும், உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா போட்டிருந்த சீருடையின் சின்னத் துண்டும் அதில் இருக்கின்றன. நகரத்தில் படித்த மூத்த மகள் அதைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். கல்யாணமாகப் போகும் இளைய மகள் மேகிக்குத் தருவதாக அம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் கொடுத்தால் தினமும் விரித்துப் படுத்துக் கிழித்துவிடுவாள் என்பது மூத்தவளின் வாதம். எடுத்துக்கொள்ளட்டும், இது இல்லாமலேயே எனக்குப் பாட்டி நினைவில் இருப்பாள் என்று மேகி சொல்கிறாள். உடனே அம்மா விரிப்பைப் பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள்.

பழைய புடவைகளை மடித்துத் தைக்கும் பொந்த எங்கள் வீடுகளில் இன்னும் உண்டு. துணி படுக்கத்தான் இருக்கிறது என்று என் அம்மா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு மூத்தவள்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. மேகிக்குத் தைக்கத் தெரியும், கிழிந்தால் இன்னொன்று தைப்பாள். மூத்தவளுக்குத் தெரியாது, அவளிடம் இருக்கப்போவது அந்தத் துணி மட்டும்தான். தறி ஓட்டத் தெரியாத தலைமுறையில் இருக்கிற எனக்கு அது உறைக்கிறது.

மீனாட்சிபுரம்

நகரி அக்கா, மூத்தவள் பக்கம் நின்று ஒருவர் பேசி இப்போதுதான் கேட்கிறேன். எங்கள் நோட்ஸில் அவள் முழுக்கக் கெட்டவள்.

தத்தமங்கலம் மாஷ்

எல்லாவற்றையும் படித்தேன். பொருள்களின் பட்டியல் முன்னால், கதை நடுவில், வரலாறு பின்னால் என்ற ஏற்பாட்டுக்கு நான் சம்மதிக்கிறேன். ஆனால் வெல்டி கதைக்கு மட்டும் 1865 என்ற ஆண்டை முன்னாலேயே சொல்வேன். பேரன் உண்மையில் செத்துப்போயிருக்கிறானா என்பதுதான் அந்த ஆசிரியருக்கு வாசகர்களிடமிருந்து அதிகம் வந்த கேள்வி. எங்கள் கூட்டத்திலும் அதையே கேட்டார்கள், முக்கால் மணி நேரம் அதில் போனது. அந்த நேரத்தில் கிழவியின் ஆயுளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்.

கொழிஞ்சாம்பாறை

அப்படியானால் இப்படிச் செய்வோம் மாஷ். அந்த வரி வரும் வரை படிப்போம். சரண்டர் என்ற சொல் வந்ததும் படிப்பவர் நிறுத்தட்டும், நீங்கள் எழுந்து சொல்லுங்கள், அப்புறம் மீதியைப் படிப்போம். உங்கள் கூட்டத்திலேயே இன்னொரு முறை அந்தக் கதையை வையுங்கள், நாங்களும் பஸ் ஏறி வருகிறோம்.

எங்களுடைய அடுத்த கதை கேட் ஷோபினின் 'தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்'. 1894ல் வந்தது, சுமார் 1,000 சொற்கள்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முன்னால் எதுவும் சொல்லப்போவதில்லை. யாரும் கதைச்சுருக்கம் தேடிப் படித்துவிட்டு வர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வேலந்தாவளம்

எனக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரியும் வருகிறேன் என்கிறாள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.